கேளுங்கள், சொல்கிறேன்: லுங்கியின் நிறத்தை எழுதுகிறவர்

போன இதழில் ஒரு வாசகர், "சமீபத்தில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த புத்தகம் எது?" என்று கேட்டிருந்தார். ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஆண்ட்ரூ ஓஹேகனின் 'தி மிஸ்ஸிங்' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் இந்த மாதம் வேறு எதையும் எடுக்க இடமில்லை. கடலூர் பக்கமிருந்தும் புதுச்சேரி பக்கமிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். திட்டியும் ஒன்று வந்தது, அதையும் சேர்த்துவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: நான் மஞ்சக்குப்பத்தில் கோர்ட் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். இலக்கியப் பேராசிரியை இல்லை. அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

கேள்வி: யார் இந்த ஓஹேகன்? எங்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவர்களிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் அம்மா.
(ஆசிரியை, நெல்லிக்குப்பம்)

பதில்: 1968இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். வளர்ந்தது அங்கிருந்து தென்மேற்கே அயர்ஷயரில், கில்வின்னிங் என்ற ஊரில். அயர்லாந்து வழி வந்த கத்தோலிக்கக் குடும்பம். அப்பா தச்சு வேலை, அம்மா துப்புரவு வேலை. கிளாஸ்கோவிலேயே ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு லண்டனுக்குப் போனார். 1991இல் 'லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' என்ற பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். சில வருடத்தில் வேலையை விட்டாலும் அந்தப் பத்திரிகையை விடவில்லை. பெரிய கட்டுரைகள் பலவும் அதில் வந்தவைதான். நம் பத்திரிகையில் நாலு பக்கம் கேட்டாலே ஆசிரியர் தலையைச் சொறிகிறார். அங்கே ஒரே கட்டுரைக்கு ஒரு முழு இதழையே இவருக்குக் கொடுத்தார்கள். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதல் புத்தகம் 'தி மிஸ்ஸிங்' 1995இல் வந்தது. அது நாவல் இல்லை. முதல் நாவல் 'அவர் ஃபாதர்ஸ்' 1999இல் வந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பிடித்தது. பிறகு இன்னும் இரண்டு நாவல்கள் புக்கரின் நெடும்பட்டியலுக்குப் போயின. பரிசு மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் உங்கள் பள்ளியில் யாருக்காவது தெரிந்திருக்கும். 2003இல் வந்த 'பர்சனாலிட்டி' நாவலுக்கு ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசு. 2020இல் 'மேஃபிளைஸ்', 2024இல் 'கலிடோனியன் ரோடு'. நடுவில் விட்டவையும் உண்டு.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரைக்கார ஓஹேகன்தான் பெரியவர். நாவல்களில் சில இடங்களில் எல்லாருமே அளவுக்கு மேல் அழகாகப் பேசுகிறார்கள். ஒரே வாயில் ஆறு பேர் பேசுவது போல் இருக்கும். சாட்சிக் கூண்டில் ஆயிரம் பேர் பேசக் கேட்டவளுக்கு அது உடனே உறுத்தும்.

கேள்வி: 'தி மிஸ்ஸிங்' துப்பறியும் கதையா அக்கா? காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்தாரா?
(மீன் வியாபாரி, தேவனாம்பட்டினம்)

பதில்: இல்லை தம்பி. யாரையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்துக் கொடுக்கிறேன் என்று அவர் கிளம்பவும் இல்லை.

அந்தப் புத்தகத்தில் அவருடைய தாத்தா வருகிறார். இரண்டாம் உலகப் போரில் கப்பலோடு கடலில் போனவர். பேரன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். அப்புறம் ஒரு பையன் வருகிறான். 1976இல் இர்வின் என்ற ஊரில், பாட்டி வீட்டுத் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பிள்ளை காணாமல் போனான். இன்றுவரை தகவல் இல்லை. அது ஓஹேகன் வளர்ந்த வட்டாரம். அவருக்கும் அப்போது ஏழெட்டு வயதுதான். தன்னைவிடச் சின்னப் பிள்ளை ஒன்று பக்கத்திலிருந்து மறைந்துபோனதை மனதில் வைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார். கடைசியில் குளொஸ்டர் நகரம். 1994இல் கிராம்வெல் தெருவில் ஒரு வீட்டைத் தோண்டினார்கள். இளம்பெண்களின் உடல்கள் வந்துகொண்டே இருந்தன. உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் கொலைகாரத் தம்பதியைப் பற்றி எழுதினார்கள். இவர் அந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள், எந்த விடுதியில் இருந்தார்கள், எந்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள் என்று தேடிப் போனார். அவர்களில் சிலரைக் காணவில்லை என்று யாரும் புகார்கூடக் கொடுத்திருக்கவில்லை. ஒரு மனுஷி ஊரில் இல்லாமல் போனதே ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதுதான் அவர் கேள்வி.

என் தூக்கம் ஏன் கெட்டது என்று சொல்கிறேன். உங்கள் ஊரிலிருந்து வந்த வழக்குகளை நான் டைப் அடித்திருக்கிறேன். கடலுக்குப் போனவர் வரவில்லை, வேலைக்கென்று வெளியூர் போனவர் கடிதம் போடவில்லை. சட்டத்தில் ஏழு வருடம் என்று ஒரு கணக்கு. இயல்பாகக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு வருடம் அவரைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு மனைவி சிவில் கோர்ட்டுக்கு வருவார். ஏழு வருடம் முடிந்த சூட்டோடு வருகிறவரைப் பார்த்து, 'எப்போது முடியும் என்று காத்திருந்தாள் போல' என்று வராந்தாவில் பேசுவார்கள். படகுக் கடனும் பெண்ணின் கல்யாணமும் அவர்கள் வீட்டில் இல்லையே, பேசமாட்டார்களா.

கூண்டில் ஏறியதும் வக்கீல் கேட்பார்: "கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" அந்தப் பெண் தேதியைச் சொல்லமாட்டார். பச்சைக்கரை லுங்கி கட்டியிருந்தார், பழைய சோற்றுக்கு நெத்திலிக் கருவாடு கேட்டார், இல்லையென்றேன், அந்தக் கோபத்தோடு போனார் என்று சொல்வார். நீதிபதி ஐயா எனக்கு டிக்டேஷன் கொடுப்பார்: "என் கணவரைக் கடைசியாக இன்ன மாதம் இன்ன தேதியில் பார்த்தேன்." அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல முடியாது, வழக்குக்குத் தேவை தேதிதான். ஆனால் லுங்கியின் நிறம், கருவாடு, கோபம் எல்லாம் காற்றில் போய்விடும். நானே காதில் வாங்கிவிட்டு எழுதாமல் விட்டிருக்கிறேன். ஓஹேகன் அதைத்தான் எழுதுகிறார். தேதியை விட்டாலும் விடுவார், லுங்கியின் நிறத்தை விடமாட்டார்.

கேள்வி: எதிர்வீட்டு அக்காவின் விவாகரத்தைப் பெயர் மாற்றிக் கதையாக எழுதினேன். சிற்றிதழில் வெளியானது. அவர் படித்துக் கண்டுபிடித்துவிட்டார். இப்போது என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார். எழுத்தாளர் என்றால் இதெல்லாம் சகஜம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் ஓஹேகனும் அடுத்தவர் வாழ்க்கையைத்தானே எழுதுகிறார்?
(முதுகலை மாணவி, லாஸ்பேட்டை)

பதில்: ஆமாம் கண்ணு, அதைத்தான் எழுதுகிறார். அதனால்தான் உன் கேள்விக்கு அவரை வைத்தே பதில் சொல்லலாம். அவர் இதை நாலு விதமாகச் செய்திருக்கிறார், நாலும் ஒன்றில்லை.

'பர்சனாலிட்டி' நாவலை எடுத்துக்கொள். ஸ்காட்லாந்தின் பியூட் தீவில் இத்தாலி வம்சாவளிக் குடும்பத்துச் சிறுமி, பெரிய குரல், டி.வி. திறமைப் போட்டியில் ஜெயித்துப் பத்து வயதில் நாடே அறிந்த பாடகி ஆகிறாள். பிறகு சாப்பாட்டை வெறுக்கும் நோய். லீனா ஸவரோனி என்ற நிஜப் பாடகியின் வாழ்க்கை அது. 1999இல் 35 வயதில் இறந்துபோனார். நாலு வருடத்தில் நாவல். பாத்திரத்துக்குப் பெயர் வேறு. அந்தத் தீவில் யாருக்காவது யாரென்று தெரியாமல் இருந்திருக்குமா? உன் கதையிலும் அதுதான் நடந்திருக்கிறது. பெயரை மாற்றுவது வக்கீலுக்குச் செய்கிற பாதுகாப்பு. எதிர்வீட்டுக்குச் செய்கிற மரியாதை என்று அதை நினைத்துக்கொள்ளாதே.

இரண்டாவது, ஜூலியன் அசாஞ்ச். விக்கிலீக்ஸ்காரர். 2011இல் அவருடைய சுயசரிதையை அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கும் வேலைக்கு ஓஹேகன் ஒப்புக்கொண்டார். பெயர் போடாமல் எழுதுகிற வேலை, அதாவது கிட்டத்தட்ட என் வேலை. அசாஞ்ச் அப்போது நார்ஃபோக்கில் ஒரு பண்ணை மாளிகையில் காவல் நிபந்தனையோடு ஜாமீனில் இருந்தார். மணிக்கணக்கில் பேசிப் பதிவு செய்தார்கள். ஊர் உலகத்து ரகசியத்தை எல்லாம் வெளியில் போட்ட மனிதர், தன் வாழ்க்கை அச்சாகப் போகிறது என்றதும் பின்வாங்கிவிட்டார். பதிப்பகம் பணம் கொடுத்திருந்தது. அவர் சம்மதம் இல்லாமலே அந்த வருடம் செப்டம்பரில் புத்தகத்தைப் போட்டுவிட்டது. அதில் தன் பெயர் வரக்கூடாது என்று ஓஹேகன் ஒதுங்கிக்கொண்டார். மூன்று வருடம் கழித்து, 2014இல், நடந்ததை எல்லாம் 'கோஸ்டிங்' என்ற நீண்ட கட்டுரையாக எழுதினார். அசாஞ்ச் எப்படிச் சாப்பிட்டார் என்பது வரை அதில் இருக்கிறது. படிக்க அவ்வளவு ருசி. இங்கே எனக்கு அவர்மேல் பெரிய வருத்தம் இல்லை. எதிரில் இருந்தவர் பலசாலி, பதில் சொல்ல ஆயிரம் மேடை உள்ளவர்.

மூன்றாவதுதான் எனக்கு ஆகவில்லை. ரகசிய போலீஸ்காரர்கள் இறந்த குழந்தைகளின் பெயர்களை எடுத்துக்கொண்டு போராட்டக் குழுக்களில் நுழைந்தது பிரிட்டனில் பெரிய ஊழலாக வெளிவந்தது. அது எப்படிச் சாத்தியமாகிறது என்று பார்க்க ஓஹேகன் தானே ஒரு கல்லறையில் பெயர் தேடினார். இருபது வயதில் இறந்துபோன ஓர் இளைஞனின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்தப் பெயருக்கு இணையத்தில் முகம் கொடுத்தார், நண்பர்களைச் சேர்த்தார், போலி அடையாள அட்டை வாங்கினார், திருட்டுச் சந்தையில் பொருள் வாங்கும் அளவுக்கு அந்த 'ஆளை' வளர்த்தார். கடைசியில் அந்த இளைஞனின் அம்மாவைத் தேடிப் போய்ச் சந்திக்கிறார். கட்டுரை அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவை முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அவர் முடியாது என்று சொல்லியிருப்பார், கட்டுரை வந்திருக்காது என்பார்கள். வராவிட்டால் என்ன?

நாலாவது 'மேஃபிளைஸ்'. 1986 கோடையில் அயர்ஷயர் பையன்கள் சிலர் பாட்டுக் கச்சேரி கேட்க மான்செஸ்டர் போகிறார்கள். முன் வருடம்தான் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றிருந்தது, அப்பாக்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பையன்களுக்குப் பாட்டும் பீரும் போதும். பாதி நாவல் அந்த ஒரு வாரக் கடைசி. மறுபாதி முப்பது வருடம் கழித்து. அந்தக் கூட்டத்தின் தலைவன் டல்லி போன் செய்கிறான்: புற்றுநோய், பிழைக்க முடியாது, என் சாவு என் கையில் இருக்க நீ உதவ வேண்டும். ஓஹேகனின் சிறுவயது நண்பர் ஒருவரின் நிஜக் கதை இது. எழுதச் சொன்னவரும் அந்த நண்பர்தான். அதனாலோ என்னவோ இவருடைய நாவல்களில் கூச்சமே இல்லாமல் சிரிக்கிற புத்தகம் இது ஒன்றுதான்.

அந்த அக்கா கதவைச் சாத்துவது அவர் உரிமை. சமாதானம் பேச பத்திரிகைப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்காதே. அடுத்த கதையில் உன்னை எழுது, எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அந்த அக்கா பார்க்கிற உன்னை. அது வெளிவந்ததும் உனக்கு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.

கேள்வி: வீட்டுவசதித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் எழுத்தாளர் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு எதிரானவரா?
(ரெட்டியார்பாளையம்)

பதில்: இல்லை ஐயா. உங்களைப் போன்ற ஒருவரை நாயகனாக வைத்துத்தான் முதல் நாவலையே எழுதினார். 'அவர் ஃபாதர்ஸ்' நாவலில் ஹ்யூ பான் என்றொரு கிழவர். கிளாஸ்கோவின் இருட்டு வீடுகளிலிருந்து ஏழைகளை வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் வைக்கிறேன் என்று அறுபதுகளில் வானுயரக் கட்டியவர். சோஷலிஸ்டு. இப்போது தான் கட்டிய கோபுரத்திலேயே உயரமான மாடி ஒன்றில் படுக்கையாகக் கிடக்கிறார். மலிவான பொருளைப் போட்டார் என்று விசாரணை நடக்கிறது. பார்க்க வந்திருக்கிற பேரனுக்கு என்ன வேலை தெரியுமா? பழைய அடுக்குமாடிகளை இடிக்கிற வேலை. தாத்தா கட்டியதைப் பேரன் இடிக்கிறான், இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. நாவல் வந்தபோது கிளாஸ்கோவின் ரெட் ரோடு கோபுரங்கள் நின்றுகொண்டிருந்தன, 31 மாடி. கடைசிக் கட்டடங்கள் 2015இல் தகர்க்கப்பட்டன.

நம் பக்கத்திலும் சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஆட்களுக்கு வீடு கட்டியபோது, வலையை எங்கே உலர்த்துவது என்று வரைபடம் போட்டவர்கள் யோசித்தார்களா என்று நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் பதிலை அடுத்த இதழில் போடுகிறேன்.

மேலே சொன்ன முழு இதழ்க் கதை இதுதான். 2017 ஜூன் 14 அதிகாலையில் லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தது. 24 மாடி, 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் அழகுக்கும் குளிர் தடுக்கவும் ஒட்டியிருந்த பலகைகள் வழியாகத் தீ ஏறியது. ஓஹேகன் ஒரு வருடம் அதன் பின்னால் அலைந்து பெரும் கட்டுரை எழுதினார், 2018இல் பத்திரிகை முழு இதழாக வெளியிட்டது. இறந்தவர்களின் வாழ்க்கையை எழுதிய பகுதிகள் 'தி மிஸ்ஸிங்' எழுதிய கைதான். ஆனால் உள்ளூர் நகர மன்றத்தை அளவுக்கு மீறிப் பழி சொல்லிவிட்டார்கள், கோபம் தப்பான ஆட்கள்மேல் போய்விட்டது என்று ஒரு வாதம் வைத்தார். குடியிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். பேட்டி கொடுத்தவர்களிலேயே சிலர், நாங்கள் சொன்னது இப்படி இல்லை என்றார்கள். 2024 செப்டம்பரில் ஓய்வு பெற்ற நீதிபதி மார்ட்டின் மூர்-பிக்கின் இறுதி அறிக்கை வந்தது. பலகை விற்ற கம்பெனிகள், அரசாங்கம், நகர மன்றம், கட்டடத்தை நிர்வகித்த அமைப்பு என்று யாரையும் அது விடவில்லை.

கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சியம் முடிந்ததும் டைப் அடித்த தாளைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டுவோம். 'வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று கீழே ஒரு வரி. கையெழுத்து அல்லது கைநாட்டு. அவசரத்தில் மடமடவென்று வாசிப்பார்கள், உண்மைதான். இருந்தாலும் அந்த வரி இருக்கிறது. எவ்வளவோ சாட்சிகள் அந்த இடத்தில் கையைத் தூக்கி, நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா என்று நிறுத்தியிருக்கிறார்கள். கட்டுரைக்காரர்களுக்கு அந்த வரி கிடையாது. கிரென்ஃபெல் கட்டுரையில் அதன் குறை தெரிகிறது.

கேள்வி: விவசாயியைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா, இல்லை எல்லாம் நகரத்துக் கதைதானா?
(கரும்பு விவசாயி, குறிஞ்சிப்பாடி)

பதில்: எழுதியிருக்கிறார். 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியது. நோய் வந்தவை, பக்கத்துப் பண்ணையில் நின்றவை என்று அறுபது லட்சத்துக்கும் மேல் ஆடு மாடு பன்றிகளைக் கொன்று குவித்தார்கள். அந்த வருடம் 'தி எண்ட் ஆஃப் பிரிட்டிஷ் ஃபார்மிங்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சூப்பர் மார்க்கெட்டில் தொடங்கிப் பண்ணை வரை போகிறார். விலையை யார் முடிவு செய்கிறார்கள், மானியம் எங்கே போகிறது, விற்கிற விலை உற்பத்திச் செலவுக்கே கட்டாதபோது ஏன் இன்னும் மாட்டை வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். கரும்பு வெட்டிக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு ஸ்காட்லாந்து பால்காரர் அந்நியமாகத் தெரியமாட்டார். பிறகு ஒரு கட்டுரைக்குக் குப்பைத் தொட்டிகளின் பின்னாலும் போயிருக்கிறார். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாத ஆள்.

கேள்வி: நாய் பேசுகிற நாவல் எழுதியவர் இவர்தானா? நிஜமாகவா?
(பிளஸ் டூ மாணவன், பண்ருட்டி)

பதில்: நிஜம்தான். மர்லின் மன்றோவுக்குப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா கொடுத்த நாய்க்குட்டி. பெயர் மாஃப். சினாட்ராவுக்கு மாஃபியா சகவாசம் என்ற கிசுகிசுவை வைத்து மர்லின் கேலியாக வைத்த பெயர். 2010இல் வந்த நாவலில் அந்த நாயே கதை சொல்கிறது, தத்துவம் பேசுகிறது, எதிரில் வருகிறவர்களைக் கடிக்கிறது. முதல் நூறு பக்கம் சிரித்தேன். அப்புறம் நாய் கொஞ்சம் அதிகமாகப் படித்துவிட்டது.

கேள்வி: பிட்காயினைக் கண்டுபிடித்தவரை இவர் கண்டுபிடித்ததாக என் மகன் சொல்கிறான். உண்மையா?
(மளிகைக் கடைக்காரர், வில்லியனூர்)

பதில்: கிட்டப் போனார், ஆனால் அந்த ஆள் அந்த ஆள் இல்லை. சத்தோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் யாரோ பிட்காயின் என்ற இணையப் பணத்தை உருவாக்கினார்கள். நான்தான் அது என்று கிரெய்க் ரைட் என்ற ஆஸ்திரேலியர் கிளம்பினார். அவர் கூட்டாளிகள் ஓஹேகனை அழைத்து, கூடவே இருந்து எழுதுங்கள் என்றார்கள். மாதக்கணக்கில் கூட இருந்தார். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டிய நேரத்தில் ரைட் கொடுத்த ஆதாரம் நிற்கவில்லை. 2016இல் வந்த கட்டுரையில் ஓஹேகன் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த மனிதர் பேசப் பேச எப்படி நழுவினார் என்று எழுதினார். தீர்ப்பு 2024 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வந்தது. அவர் சத்தோஷி இல்லை. விசாரணை முடிந்த அன்றே நீதிபதி அதை வாயால் சொல்லிவிட்டார், விரிவான தீர்ப்பு மே மாதம். விசாரணை முடிந்த அன்றே! 'தீர்ப்புக்காக ஒத்திவைக்கப்படுகிறது' என்று நான் அடித்த தாள்களைக் கட்டினால் ஒரு அலமாரி நிறையும்.

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் மூன்றையும் ஒரே புத்தகத்தில் படிக்கலாம். அசாஞ்ச், கல்லறைப் பெயர், இந்த பிட்காயின்காரர் மூன்றும் சேர்ந்து 2017இல் 'தி சீக்ரெட் லைஃப்' என்று வந்திருக்கிறது.

கேள்வி: நம் மண்ணின் எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் இருக்க, எங்கோ குளிரில் கிடக்கும் ஸ்காட்லாந்துக்காரரை ஏன் தலையில் தூக்கி ஆடுகிறீர்கள்? வெள்ளைக்காரன் மோகம் இன்னும் போகவில்லையா?
(கடலூர் முதுநகர்)

பதில்: புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் பிறந்தது எங்கள் மஞ்சக்குப்பத்தில். நாவலும் எழுதிக் கட்டுரையும் எழுதி இரண்டிலும் சண்டைக்கு நின்றவரை ஊரிலேயே பார்த்தவர்கள் நாம். அவர்களைப் படித்துப் பழகிய வாய்தான் இவரையும் ருசி பார்க்கிறது.

ஸ்காட்லாந்து அப்படியொன்றும் தூரமில்லை. 1783இல் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த கடலூரை முற்றுகை போட்ட ஆங்கிலப் படைக்குத் தலைவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஸ்காட்லாந்துக்காரர். அவர் படையிலும் அந்த மலைநாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்து சண்டை பாதியில் நின்றது. செத்தவர்கள் செத்ததுதான். அவர்களுக்கும் ஊரில் யாராவது ஏழு வருடம் காத்திருந்திருப்பார்கள்.

கேள்வி: இத்தனை வருடம் கோர்ட்டில் கேட்ட கதைகளை நீங்கள் ஏன் எழுதவில்லை? எழுதினால் பல நாவல் ஆகுமே?
(வாசகி, பாகூர்)

பதில்: பலர் கேட்டுவிட்டார்கள். கூண்டில் நின்று அழுதவர் நீதிபதியிடம் அழுதார். நான் அங்கே இருந்தது சம்பளத்துக்கு. அந்த அழுகையை எடுத்துவந்து கதை செய்ய யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

இருந்தாலும் ஓஹேகனைப் படித்த பிறகு ஒரு வழக்கு மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மேலே சொன்ன பச்சைக்கரை லுங்கி. விலாசம் விசாரித்து அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இப்போது பேத்திகளோடு இருக்கிறார். இந்த மாதிரி எழுதலாமா என்றேன். அன்றைக்குக் கோர்ட்டில் மூலையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்த பொம்பளை நீதானா என்று கேட்டுவிட்டு, லுங்கியையும் கருவாட்டையும் தாராளமாக எழுது என்றார். பெயரை மாற்றிவிடுகிறேன் என்று சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு மாத்தணும்? நான் என்ன தப்பு பண்ணேன்? அவர் பேரையும் போடு, என் பேரையும் போடு." பெயரைப் போட்டால் மகனுக்கும் மருமகளுக்கும் அதில் பேச்சு வரும், அவர்களையும் கேட்க வேண்டும் என்றேன். கேள் என்றார். மகன் வெளிநாட்டிலிருந்து வந்ததும் கேட்கப் போகிறேன். அதுவரை இந்தப் பத்தியில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. லுங்கிக்கும் கருவாட்டுக்கும் மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

கேள்வி: எதை முதலில் படிப்பது? புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?
(வங்கி ஊழியர், முத்தியால்பேட்டை)

பதில்: 'மேஃபிளைஸ்' முதலில். சின்னது, ஓடிவிடும். 2022 கடைசியில் பி.பி.சி. அதைத் தொடராகவும் எடுத்தது, புத்தகத்தை முடித்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் 'தி சீக்ரெட் லைஃப்'. மனம் கெட்டியாக இருக்கிற வாரத்தில் 'தி மிஸ்ஸிங்'. எனக்கு அது கிடைத்தது புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், ஒரு பழைய பிரெஞ்சு சமையல் புத்தகத்துக்கும் கணக்குக் கைடுக்கும் நடுவில். புதிதாக வேண்டும் என்றால் கடையில் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியதுதான்.

'கலிடோனியன் ரோடு' கடைசி. லண்டனில் நிஜமாகவே இருக்கிற ஒரு தெரு. ஏழ்மையில் பிறந்து பெரிய ஆளாகிவிட்ட கிளாஸ்கோ பேராசிரியர், ரஷ்யப் பணக்காரர்கள், லாரியில் ஒளித்துக் கொண்டுவரப்படும் கூலிகள் என்று ஒரே கூட்டம். அந்தப் பேராசிரியர் வீட்டுக் கீழ்த்தளத்தில் காலி செய்யமாட்டேன் என்று ஒரு கிழவி குடியிருக்கிறாள், வாடகை வழக்கு பார்த்தவர்களுக்கு அவள் ஒருத்தி போதும். அறுநூறு பக்கத்துக்கு மேல். கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க ஆகாது, உட்கார இடம் கிடைத்தால் மட்டும் பையிலிருந்து எடுங்கள்.